அந்தப் பெயர் யார் வாயில் வருகிறது

1984-இல் இந்திரா காந்தி லண்டன் நீதிமன்றத்தில் ஒரு நாவலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' என்ற அந்த நாவல் 1981-இல் வெளிவந்து, அதே ஆண்டில் புக்கர் பரிசும் பெற்றிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்து இந்திரா அதில் 'விதவை' என்ற அச்சமூட்டும் உருவமாக வருகிறார். பாதி கறுப்பும் பாதி வெளுப்புமான தலைமுடியோடு, சுதந்திர நள்ளிரவில் பிறந்த குழந்தைகளின் ஆற்றலையெல்லாம் பறிக்கிறவராக அவரைத் தீட்டியிருந்தார் ருஷ்டி. ஒரு பிரதமரை நாவலில் இதைவிடக் கடுமையாகச் சித்திரிக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் வழக்கு அந்தச் சித்திரத்தின்மீது இல்லை. நெருக்கடி நிலை பற்றிய பக்கங்களுக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அவர் சுட்டிக்காட்டியது ஒரே ஒரு வாக்கியத்தை. கணவர் பெரோஸ் காந்தியின் மரணத்தில் தாய்க்கும் பொறுப்பு உண்டு என்று இளைய மகன் குற்றம் சாட்டியதாக ஊரில் பேசிக்கொண்ட ஒரு செய்தியை அந்த வாக்கியம் சொல்லியது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாக்கியத்தை நீக்க ஒப்புக்கொண்டார்கள். பின்வந்த பதிப்புகளில் அது இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார்.

உண்மை மனிதர்களைப் புனைவில் எழுதுவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப்போகும் நிகழ்வு இது. மாயத்தன்மையோடு எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் தப்பின. செய்தித்தாள் நடையில் வந்த ஒரு வரி மாட்டிக்கொண்டது. 'விதவை' என்ற உருவம் சலீம் சினாய் என்ற கதைசொல்லியின் பீதியிலிருந்து எழுந்தது. அதைப் படிக்கிறவர் சலீமின் மனத்தைத்தான் பார்க்கிறார். நீக்கப்பட்ட வரியோ சலீமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது நேராக ஒரு குடும்பத்தின் படுக்கையறைக்குள் போனது. கதைக்குள் வரும் உண்மைப் பெயர் யாருடையது என்பதைவிட, அதை யாருடைய வாய் சொல்கிறது, சொல்லும்போது அந்த வாயைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது என்பதே முக்கியம். சட்டம், கலை இரண்டின் பக்கமிருந்து பார்த்தாலும் பெரும்பாலும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம். சேராத இடங்களும் உண்டு.

தமிழில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு'. 1972-இல் வந்த குறுநாவல். கட்டட வேலை செய்யும் பெண் ஒருத்தி திரையில் பார்த்த நாயகன்மீது கொண்ட மயக்கம் அவள் வாழ்க்கையையே சிதைக்கிறது. அந்த நாயகனுக்குக் கதையில் இயற்பெயர் கிடையாது, 'வாத்தியார்' மட்டும்தான். எம்.ஜி.ஆர். என்று படித்த அத்தனை பேருக்கும் தெரியும். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கியதும் அதே 1972-இல்தான். அவர் புகழ் உச்சத்தில் இருந்த காலம். இன்றைக்கு இதைப் படிக்கிறவர், பெயரைச் சொல்லப் பயந்துதான் எழுத்தாளர் பட்டப்பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஜெயகாந்தனின் பொதுவாழ்வை அறிந்தவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். மேடையில் யாரையும் பெயர் சொல்லித் தாக்கத் தயங்காதவர் அவர்.

அந்தச் சித்தாள் அவரை வேறு எப்படிச் சொல்லியிருப்பாள்? ரிக்‌ஷா நிறுத்தத்திலும் டீக்கடையிலும் திரையரங்கின் தரை டிக்கெட் வரிசையிலும் அவர் வாத்தியார்தான். மூன்றெழுத்துச் சுருக்கம் சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் உரியது. நெஞ்சுக்கு நெருக்கமானவரை அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியரின் இடத்தில் வைத்துக் கூப்பிடுகிறாள். அவள் பள்ளிக்கூடமே போகாதவளாகவும் இருக்கலாம். அந்த அழைப்பில் அவளுடைய வர்க்கம், கல்வி, ஏக்கம் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆசிரியர் கூற்றில் இயற்பெயர் வந்திருந்தால், கதை ஒரு நடிகரைப் பற்றிய குற்றப்பத்திரிகையாகச் சுருங்கியிருக்கும். பட்டப்பெயர் வந்ததால் அது அவள் கதையாக நின்றது. அந்த நடிகர் செய்ததாக எதையும் கதை சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் திரையில் தோன்றுகிறார், அவ்வளவுதான்; மற்றதெல்லாம் அவரைப் பார்க்கிறவர்களுக்கு நடக்கிறது.

பெயரை மறைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஜெயமோகனின் 'அறம்' தொகுதி 2011-இல் வந்தது. உண்மை மனிதர்களை அடிப்படையாகக் கொண்ட கதைகள். 'யானை டாக்டர்' கதையில் வரும் டாக்டர் கே., டாப்ஸ்லிப் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்திதான் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. 'சோற்றுக் கணக்கு' கதையின் கெத்தேல் சாகிபும் திருவனந்தபுரத்தில் உணவுக்கடை வைத்திருந்த மனிதர். ஆனால் தொகுதிக்குப் பெயர் தந்த 'அறம்' கதையில் பதிப்பாளரால் வஞ்சிக்கப்படும் எழுத்தாளர் 'பெரியவர்' என்று மட்டுமே வருகிறார். எம்.வி. வெங்கட்ராம் என்று வாசகர்கள் கண்டுகொண்டார்கள். போற்றும் இடத்தில் பெயர் வெளிப்படையாக வருகிறது. குற்றம் சாட்டும் இடத்தில் இருதரப்பின் பெயரும் மறைகிறது. இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது. குற்றம் சாட்டப்படும் பதிப்பாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்தக் கதைக்குள் புகுந்து பதில் சொல்ல வழியில்லை. பாராட்டுக்குப் பதில் தேவையில்லை.

பெயரை மாற்றிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நம்புவது தவறு. அதற்கு இரண்டு பழைய ஆங்கில வழக்குகள் சாட்சி. 1932-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் ரஸ்புதினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் நடாஷா என்ற இளவரசியை ரஸ்புதின் தன்வசப்படுத்துவதாகக் காட்டினார்கள். நடாஷா என்ற பெயரில் அப்படி ஓர் இளவரசி கிடையாது. ஆனால் ரஸ்புதினைக் கொன்றவர்களில் ஒருவரான யூசுபோவின் மனைவி இளவரசி ஐரீனா உயிரோடு இருந்தார். படம் பார்க்கிறவர்கள் நடாஷாவைத் தன்னோடுதான் பொருத்திப் பார்ப்பார்கள் என்று லண்டனில் வழக்குப் போட்டு 25,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். திரைப்படத் தொடக்கத்தில் 'இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே' என்று போடும் வழக்கம் பரவியதற்கு இந்த வழக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அந்த அறிவிப்பு நம் படங்களிலும் தொடர்களிலும் நாவல்களின் முதல் பக்கத்திலும் இன்றும் நிற்கிறது. அறிவிப்பு இருப்பதாலேயே யாரும் தப்பிவிட முடியாது.

இன்னொரு வழக்கு இதற்கு நேர்மாறானது. 1908-இல் ஓர் ஆங்கில ஞாயிறு இதழில், பிரான்ஸின் தியேப் நகரத்து மோட்டார் விழாவைப் பற்றிய வேடிக்கைக் கட்டுரையில் ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்ற கற்பனை மனிதர் ஒருவர் தன் மனைவியல்லாத பெண்ணோடு சுற்றுவதாக எழுதியிருந்தார்கள். அதே பெயரில் உண்மையிலேயே ஒரு வழக்கறிஞர் இருந்தார். அவரை மனத்தில் வைத்து எழுதவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. 1,750 பவுண்டு கொடுக்க நேர்ந்தது. பின்னர் பிரபுக்கள் சபையும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. எழுதியவரின் நோக்கம் பின்னுக்குப் போய், படித்தவர் யாரைப் புரிந்துகொண்டார் என்பது முன்னுக்கு வந்தது. பெயரை மாற்றி எழுதுகிறவர்களும் புதுப்பெயர் சூட்டுகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியச் சட்டத்தில் அவதூறு குறித்த பகுதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இருக்கிறது; அதற்கு முன்பு தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு. புனைவுக்கென்று அதில் தனி விலக்கு எதுவும் இல்லை. இறந்தவர்மீது சுமத்தும் பழியும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டால் அவதூறாகலாம் என்கிறது அதன் விளக்கம். தனிமனித அந்தரங்கம் பற்றிய முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் பிறந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் அனுமதியின்றியும் எழுதலாம், அதைத் தாண்டி அவர் வாழ்க்கைக்குள் போனால் பதில் சொல்ல வேண்டிவரும், அரசுப் பதவியில் இருப்பவர் தன் பணி தொடர்பான விமர்சனத்துக்கு அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது. ஒரு நாவலாசிரியருக்கு இது நல்ல வழிகாட்டி. அமைச்சர் கையெழுத்திட்ட உத்தரவைப் பற்றிக் கதாபாத்திரம் கோபப்படலாம். அமைச்சர் வீட்டுக்குள் நடந்த உரையாடலை எழுத்தாளர் கற்பிக்கும்போது தரை மெலிகிறது.

ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய படைப்புகளில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. 2019-இல் வந்த 'குயின்' தொடரில் நாயகியின் பெயர் சக்தி சேஷாத்ரி. அனிதா சிவக்குமரன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அதற்கு மூலம். 'தலைவி' படமோ இயற்பெயரையே வைத்துக்கொண்டது. இரண்டையும் தடுக்கக் கோரி ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா வழக்குத் தொடுத்தார். ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெயரை மாற்றிய தொடரும் மாற்றாத படமும் சட்டத்தின் முன் ஒரே இடத்தில் நின்றன. கலையாக இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்பது தனிக் கேள்வி. சக்தி சேஷாத்ரி என்ற பெயர் எழுத்தாளருக்கு ஒரு சுதந்திரம் தருகிறது: இந்தப் பெண் இப்படி யோசித்திருப்பாள் என்று நம்ப வைக்க முடிகிறது. இயற்பெயர் வந்ததும் பார்க்கிறவர் மனம் தன்னிடமுள்ள செய்திப் படங்களோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் இரு வழிகளையும் தானே முயன்று பார்த்தார். 2008-இல் வந்த 'அமெரிக்கன் ஒய்ஃப்' நாவலில் லாரா புஷ்ஷை ஆலிஸ் பிளாக்வெல் ஆக்கினார். 2020-இல் வந்த 'ரோடம்' நாவலில் ஹிலரியை அதே பெயரில் வைத்து, அவர் பில் கிளிண்டனை மணக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். முதல் நாவலில் ஒரு பெண்ணின் மௌனத்துக்குள் நாம் இறங்குகிறோம். இரண்டாவதில் நடந்ததற்கும் நடக்காததற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொண்டே இருக்கிறோம். எனக்கு முதலாவதே பிடித்திருக்கிறது.

உண்மைப் பெயர் இன்னொரு வேலையும் செய்யும்: கற்பனை மனிதரைக் காலத்தில் ஆணியடித்து நிறுத்துவது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வந்தது. அதன் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5-ஆம் தேதி, ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், இறந்துபோகிறான் என்ற தகவலோடு நாவல் தொடங்குகிறது. காம்யு இறந்தது ஜனவரி 4. அது உலகறிந்த தேதி. அந்த ஒரு பெயரால், இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனுக்கு இறந்த நாள் கிடைத்துவிடுகிறது, அவன் எந்தச் சிந்தனையோடு சேர்ந்தவன் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஜே.ஜே.யிடம் நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயலைப் பலரும் கண்டார்கள். அவரும் 1960-இல்தான், ஜூலையில், மறைந்தார். கேரளத்து மனிதரின் பெயரை விலக்கிவிட்டுப் பிரெஞ்சு மனிதரின் பெயரை வெளிப்படையாக வைத்திருப்பது யோசித்துச் செய்த தேர்வு என்றே நினைக்கிறேன். அருகில் இருப்பவர் பெயர் வந்திருந்தால் அது சி.ஜே. தாமஸின் வாழ்க்கை வரலாறா, சரியா தவறா என்ற விவாதத்தில் நாவல் மூழ்கியிருக்கும்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' இதையே ஓசையில்லாமல் செய்கிறது. 1948-ஐ ஒட்டிய காலத்துச் செகந்திராபாத்தில் நிஜாம், ரஜாக்கர்கள், இந்திய ராணுவத்தின் வருகை எல்லாம் கிரிக்கெட் ஆடும் மாணவன் சந்திரசேகரனின் காதில் விழும் அளவுக்குத்தான் நம் காதிலும் விழுகின்றன. நிஜாமின் அரண்மனைக்குள் நாவல் போவதே இல்லை. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரன், 'கரைந்த நிழல்கள்' எழுதும்போது அங்கே தான் பார்த்த நட்சத்திரங்களில் யாரையும் பெயரோடு கொண்டுவரவில்லை. ரெட்டியாரும் நடராஜனும் ஜெயசந்திரிகாவும் யார் யார் என்று தேடத் தோன்றாத அளவுக்கு அவர்கள் தம்மளவில் முழுமையானவர்கள். மறைபெயர் நாவல்களில் பெரும்பாலானவை வாசகரைத் துப்பறிய வைத்து, விடை கிடைத்ததும் தீர்ந்துபோகின்றன. 'கரைந்த நிழல்கள்' தீராமல் நிற்கிறது.

ஒரு விசித்திரமான முன்னுதாரணமும் தமிழில் உண்டு. கல்கியின் 'தியாக பூமி' 1939-இல் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தபோது, கே. சுப்பிரமணியம் இயக்கிக்கொண்டிருந்த அதே கதையின் திரைப்படப் புகைப்படங்களே பக்கங்களில் ஓவியங்களுக்குப் பதிலாக அச்சாயின. சம்பு சாஸ்திரியைப் படித்தவர் கண்முன் பாபநாசம் சிவன் நின்றார். சாவித்திரி பேசும்போது எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகம் தெரிந்தது. படத்தை ஆங்கிலேய அரசு பின்னர் தடை செய்தது. பாத்திரங்கள் எதற்கும் உண்மை மனிதர் பெயர் இல்லை, ஆனால் எல்லாப் பாத்திரங்களுக்கும் உண்மை முகம் வந்துவிட்டது.

பாட்டுக்கு வருவோம். இங்கே சிக்கல் வேறு வகையானது, தமிழுக்கென்று தனியாகவும் இருக்கிறது.

ஒரு பாட்டின் தலைப்பைச் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 2015-இல் ஒரு திரைப்படத் தலைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை உறுதிசெய்தது. ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி தன் 1987 நாவலுக்கு பீட்டில்ஸ் பாடல் ஒன்றின் தலைப்பையே வைத்தார். விமானத்தில் அந்த மெட்டைக் கேட்கும் மனிதனின் நினைவிலிருந்து நாவல் விரிகிறது. பாடல் வரிகளை எடுத்தாள்வது அப்படி இலவசமானதில்லை. ஆங்கில எழுத்தாளர் பிளேக் மாரிசன் தன் நாவலில் சில புகழ்பெற்ற பாடல்களிலிருந்து ஓரிரு வரிகளை எடுத்தாண்டதற்கு, 4,000 பவுண்டுக்கு மேல் அனுமதிக் கட்டணம் செலுத்த வேண்டிவந்ததை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

நம் திரைப்பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு கிடையாது. முதல் வரியே பெயர். பல்லவியின் முதல் நான்கு சொற்களைச் சொல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டை அடையாளம் காட்டுவது கடினம், கீர்த்தனைக்கும் அப்படித்தான். ஆகவே மேல்நாட்டில் தெளிவாக இருக்கும் கோடு, தலைப்பு இந்தப் பக்கம், வரி அந்தப் பக்கம் என்பது, தமிழில் கலங்கிக் கிடக்கிறது. பாட்டைக் குறிப்பிடுவதே அதன் வரியை எடுத்தாள்வதாகிவிடுகிறது. நான்கு சொற்களுக்காக நம்மூரில் யாரும் எழுத்தாளர்மீது வழக்குத் தொடுப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பல்லவி முழுவதையும், சரணம் ஒன்றையும் கதையில் அச்சிடுவது வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை ஆய்வு, விமர்சனம், செய்தி போன்ற நோக்கங்களுக்கு அனுமதிக்கிறது. கதை அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணதாசனின் பாட்டைப் பற்றி நான் கட்டுரை எழுதினால் அந்தப் பிரிவைக் காட்டலாம். என் கதாபாத்திரம் அதே பாட்டை முழுக்கப் பாடினால் காட்டுவது கடினம். நம் வாழ்க்கையில் சாவுவீடு முதல் பேருந்துப் பயணம் வரை திரைப்பாட்டு ஒலிக்காத இடமில்லை. அந்த வாழ்க்கையை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு வரம்பு இருப்பது நியாயமாகப் படவில்லை. சட்டத்தைத் திருத்துகிறவர்கள் புனைவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் தமிழர்கள் உலகுக்கே முன்னோடி. பாரதி 1921-இல் இறந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வந்த ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி ஊரெங்கும் ஒலித்தார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது தகராறு நீதிமன்றம் வரை போனது. தேசத்தைப் பாடிய கவியின் பாட்டைப் பாடத் தனியாரிடம் அனுமதி வாங்குவதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கொதித்தார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1949-இல் அரசு உரிமையைத் தன்வசம் எடுத்தது. மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் பெறாமலே கொடுத்தார். பின்னர் அது பொதுமக்களுக்கே உரியதாயிற்று. பாரதிதாசனின் படைப்புகள் 1990-இலும், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் படைப்புகள் 1993-இலும் நாட்டுடைமையாயின. ஆகவே, ஒரு தமிழ்க் கதையில் 1950-களின் மில் தொழிலாளி பட்டுக்கோட்டையார் பாட்டை முழுதாகப் பாடிக்கொண்டு சைக்கிளில் போகலாம். யாரும் கேட்க முடியாது.

அந்தத் தொழிலாளியின் மகன் 1970-களில் பாடுவது பெரும்பாலும் கண்ணதாசனாகவோ வாலியாகவோ இருக்கும். ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் என்பது சட்டத்தின் கணக்கு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். 2041 முடியும்வரை வரிகளுக்குக் காப்பு உண்டு. வாலிக்கு 2073 வரை, நா. முத்துக்குமாருக்கு 2076 வரை. இதற்கு நடுவில் எழுதுகிறவர்கள் என்ன செய்வது? அனுமதி கேட்கலாம், கேட்பது மரியாதையும்கூட. இன்னொரு வழி கலைக்குள்ளேயே இருக்கிறது. 'மோகமுள்' நாவலில் மராட்டியப் பாடகர்கள் பாடும் இடத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். தி. ஜானகிராமன் அங்கே பாட்டின் சொற்களை நம்பவே இல்லை. குரல் எங்கே ஏறி எங்கே நின்றது, கேட்டுக்கொண்டிருந்த பாபுவின் உடம்பு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறார். பாட்டின் வரிகளை அச்சிட்டிருந்தால் அந்த அனுபவம் கிடைத்திருக்காது. அச்சில் வரும் பாடல் வரிக்கு மெட்டு இல்லை. பாட்டைத் தெரிந்தவருக்கு வரி வேண்டியதில்லை. தெரியாதவருக்கு வரியால் பயனில்லை.

பாட்டைத் தானே இயற்றிக்கொள்வது மூன்றாவது வழி. 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி படகில் பாடுவது கல்கியே எழுதிய பாட்டு. கசுவோ இஷிகுரோ 2005 நாவல் ஒன்றில் ஜூடி பிரிட்ஜ்வாட்டர் என்ற பாடகியையே கற்பித்து, அவருக்கு ஓர் இசைத்தொகுப்பும் 1956 என்ற ஆண்டும் கொடுத்தார். இல்லாத பாட்டைச் சிறுமி ஒருத்தி தப்பாகப் புரிந்துகொள்வதில்தான் அந்த நாவலின் துயரமே இருக்கிறது. உண்மைப் பாட்டாக இருந்திருந்தால் வாசகர் தன் நினைவுகளைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டிருப்பார்.

வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சட்டச் சிக்கல் குறைந்தவை; ஆனால் பிழை எளிதாகப் புகும் இடம் அதுதான். வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்' என்று எழுதிவிட்டால் காலம் தானே வந்துவிடும் என்று நினைக்கிறோம். சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-இல்தான் தொடங்கியது. தென்மாவட்டங்களுக்கு அது எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1983-இல் ராமநாதபுரம் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தொலைக்காட்சி இருந்தால், உயரமான ஆண்டெனா வழியே அதில் தெரிந்தது 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வீட்டுக்காரர்களுக்கு இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீதின் குரல் ஏற்கெனவே பழக்கம். அந்தக் கதையில் 'ஒலியும் ஒளியும்' வந்தால் அது தேதிப் பிழை மட்டுமல்ல. பாக் நீரிணையின் இரு கரைகளும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாழ்க்கையே கதையிலிருந்து விடுபட்டுப் போகிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தத் திரையில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதையும் அந்த வீட்டில் பேசியிருப்பார்கள்.

திரைப்படத்தைக் கதைக்குள் கொண்டுவருவதில் அர்ஜென்டினாவின் மனுவேல் புய்க்கை மிஞ்சியவர் இல்லை. 1976-இல் வந்த அவருடைய சிறை நாவலில் மொலினா என்ற கைதி, பக்கத்தில் இருக்கும் அரசியல் கைதிக்கு இரவுதோறும் படக்கதை சொல்கிறார். முதலில் சொல்வது 1942-இல் வந்த ஓர் உண்மையான ஹாலிவுட் படம். பின்னால் சொல்லும் நாஜிப் பிரசாரப் படம் புய்க்கே கற்பித்தது. இரண்டுக்கும் படிக்கிறவர் வேறுபாடு காண்பதில்லை, ஏனென்றால் இரண்டும் மொலினாவின் படங்கள். நாயகியின் உடையையும் அறையின் வெளிச்சத்தையும் அவர் ஆசையாசையாகச் சொல்லும்போது, சிறைக்குள் அடைபட்ட ஒருவர் எதற்கு ஏங்குகிறார் என்பதே நமக்குத் தெரிகிறது. சித்தாள் சொன்ன 'வாத்தியார்' போலவே.

இதுவரை சொன்னதற்கு ஒத்துவராத ஓரிடம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அந்த நிகழ்வை அடியொற்றி 1975-இல் வந்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலக்கிழாருக்கு நாவலில் வேறு பெயர். பெயர் மாறியதும், எழுத்தாளருக்கு அவன் மனத்துக்குள் போகும் உரிமை வந்துவிட்டது. அவர் உள்ளே போய், ஆண்மைக் குறைவின் அவமானத்தைக் கொடுமையின் வேராகக் காட்டினார். கூலிக்கும் நிலத்துக்கும் சாதிக்குமான போராட்டத்தை ஒரு தனிமனிதனின் உடற்குறையாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்று நினைக்கிறேன். பாத்திரத்தின் வாயும் மனமும்தான் முக்கியம் என்று இங்கே சொன்னால், கொன்றவனின் மனத்துக்குக் கிடைத்த இடம் எரிந்தவர்களின் பெயர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. ஈழத்து எழுத்திலும் இதே நெருக்கடி உண்டு. 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தொட்டு ஷோபாசக்தி 2004-இல் 'ம்' எழுதினார். அங்கே இறந்தவர்கள் பெயருள்ள மனிதர்கள். பெயரை மாற்றுவது அவர்களை இரண்டாவது முறை இல்லாமல் ஆக்குவதாகும்.

கீழ்வெண்மணியைப் பற்றி மீனா கந்தசாமி 2014-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் நிலக்கிழார் தன் சொந்தப் பெயரிலேயே, கோபாலகிருஷ்ண நாயுடுவாகவே வருகிறார். கொலை நடந்து அப்போது 45 ஆண்டுகள் கடந்திருந்தன. நாயுடு கொல்லப்பட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.